குடுக்கையின் உட்புறம்

ஆப்பிரிக்கச் சுரைக்குடுக்கைகள் இன்று ஏலக்கூடங்களிலும் கலைப்பொருள் கடைகளிலும் வசதிபடைத்தோர் வீட்டு வரவேற்பறைகளிலும் தமக்கென ஓர் இடத்தைப் பெற்றுவிட்டன. முகமூடிகளுக்கும் மரச்சிற்பங்களுக்கும் கிடைத்த மரியாதை இவற்றை வந்தடையச் சற்றுத் தாமதமாயிற்று. ஆனாலும் வந்துவிட்டது. இவற்றுக்கான விற்பனைப் பட்டியல் ஒன்றை எடுத்துப் பார்த்தால் குறிப்புகள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவைபோல இருக்கும். பால் குடுக்கை, கிழக்கு ஆப்பிரிக்கா, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி, சுரை, தோல், பாசிமணி, சோழி, உயரம் இவ்வளவு, நெடுநாள் பயன்பாட்டால் ஏறிய மெருகு, பழைய தையல் ஒன்று. செய்தவர் பெயர் அறியப்படவில்லை. கூடவே முன்புறம், பின்புறம், பக்கவாட்டு, அடிப்பாகம் என்று நான்கைந்து புகைப்படங்கள்.

உட்புறத்தின் படம் அநேகமாக இராது. உள்ளே என்ன இருந்தது, அது எப்படிப் பக்குவப்படுத்தப்பட்டது என்பதற்குப் பட்டியலில் ஒரு வரிகூட ஒதுக்கப்பட்டிருக்காது. இதை நாம் தற்செயலான விடுபடலாகக் கருதவில்லை. ஒரு கலத்தைக் கலைப்பொருளாக மாற்றும் பார்வை எதைத் தேர்ந்துகொள்கிறது, எதைக் கைவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. குடுக்கையைச் செய்தவர்களும் புழங்கியவர்களும் தம் திறனில் பெரும்பகுதியைச் செலவிட்டது அதன் உட்புறத்தில். சேகரிப்பவர்கள் விலை கொடுப்பதோ அதன் வெளிப்புறத்துக்கு. இந்த இடைவெளியைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம்.

முதலில் செடியைப் பற்றிச் சில சொற்கள். லஜினேரியா சிசெரேரியா என்று தாவரவியல் அழைக்கும் சுரைக்குத் தாயகம் ஆப்பிரிக்கா. நம் கூரைமேல் படர்ந்து கிடக்கும் கொடியும் அதே இனந்தான். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது ஆசியாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஜிம்பாப்வேயில் கண்டெடுக்கப்பட்ட காட்டுச் சுரை ஒன்றின் மரபணு விவரங்கள் 2004இல் வெளியாயின. அமெரிக்கக் கண்டத்தில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே சுரை இருந்தது எப்படி என்ற புதிர் நெடுங்காலம் நீடித்தது. ஆசியாவிலிருந்து மனிதர் கொண்டுசென்றதாக 2005இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அட்லாண்டிக் கடலில் மிதந்தே அது போயிருக்க வேண்டும் என்று 2014இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. உள்ளே விதையைக் காத்துக்கொண்டு மாதக்கணக்கில் கடலில் மிதக்கக்கூடிய கலம் அது. மனிதன் அதில் பாலையும் நீரையும் ஊற்றி வைப்பதற்கு முன்பே, எதையேனும் உள்ளே வைத்துக் காப்பது அதன் இயல்பாக இருந்திருக்கிறது.

காயிலிருந்து கலம் உருவாவதும் உள்ளிருந்து தொடங்கும் வேலைதான். கொடியில் தொங்கவிட்ட காய்க்குக் கழுத்து நீளும். தரையில் கிடந்த காய்க்கு அடி தட்டையாகும். பிஞ்சிலேயே கயிறு கட்டி இடுப்பை ஒடுக்குவதும் உண்டு. முற்றிக் காய்ந்ததும் வாயைத் திறந்து, நீர் ஊற்றி ஊறவைத்து, அழுகிய சதையையும் விதையையும் வெளியே எடுக்க வேண்டும். கைநுழையாத கழுத்துள்ள குடுக்கைக்குள் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கிச் சுரண்டுவார்கள். பிறகு கசப்புப் போகும்வரை மீண்டும் மீண்டும் கழுவ வேண்டும். கசப்பு எஞ்சிய குடுக்கையை வெளியே எவ்வளவு அழகாகச் செதுக்கினாலும் யாரும் அதில் பால் ஊற்ற மாட்டார்கள்.

கென்யாவின் கலென்ஜின் மக்களிடம் முர்சிக் என்றொரு புளித்த பால் உண்டு. அதற்கான குடுக்கையின் பெயர் சோட்டெட். சென்னா டிடிமோபோட்ரியா என்ற செடியின் கிளையைக் கொளுத்தி, அந்தக் கரியைக் குடுக்கையின் உட்சுவர் முழுவதும் தேய்த்துப் பூசுவார்கள். இச்செடி நம் ஆவாரையின் நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. கரி பூசியபின் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி மூடி, குளிர்ந்த இடத்தில் பல நாள் வைத்திருப்பார்கள். திறக்கும்போது பால் தடித்து, கரித்துகள் கலந்து, இலேசான நீலச்சாம்பல் நிறம் கொண்டிருக்கும். பன்னாட்டுப் போட்டிகளில் வென்று திரும்பும் கென்ய ஓட்டவீரர்களை நைரோபி விமான நிலையத்தில் முர்சிக் கொடுத்து வரவேற்பதைத் தொலைக்காட்சியில் பலரும் பார்த்திருப்பார்கள். மணிகோத்த குடுக்கையை இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்து வீரர் அருந்தும் காட்சியில் நம் கண்ணுக்குத் தெரிவது மணிவேலைப்பாடு. அவர் நாவுக்குத் தெரிவது கரியின் மணம்.

மாசாய்ப் பெண்கள் காட்டு ஒலிவ மரத்தின் எரியும் குச்சியை உள்ளே விட்டுக் குடுக்கையைச் சுத்தம் செய்கிறார்கள். போகோட் மக்கள் க்ரோம்வோ மரத்தின் சாம்பலைப் பாலில் சேர்க்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் சுலு மக்களின் இகுலா என்ற குடுக்கையில் பால் ஊறி அமாசி என்னும் தயிர் ஆகிறது. பழைய பாலின் மிச்சமே புதிய பாலுக்கு உறையாக நின்றுவிடுவதால் நெடுநாள் புழங்கிய குடுக்கை புதியதைவிட மதிப்புடையது. நம் வீடுகளில் உறைமோருக்கு அண்டை வீட்டுக்கு ஓடியவர்களுக்கு இது விளங்கும். எந்த மரத்தின் கரி, எவ்வளவு நேரப் புகை, எத்தனை நாள் ஊறல் என்பவை ஒவ்வொரு சமூகத்திலும் பெரும்பாலும் தாய் மகளுக்குக் கற்றுக்கொடுத்தவை. எழுத்தில் வராத இந்த அறிவின் இருப்பிடம் குடுக்கையின் உட்சுவர்.

வெளிப்புறம் அற்பமானது என்று நாம் சொல்லவரவில்லை. வடகிழக்கு நைஜீரியாவின் கொங்கோலா பள்ளத்தாக்கிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் பெண்கள் பழுக்கக் காய்ச்சிய இரும்பு முனையால் சுரையோட்டின்மேல் தீய்த்துக் கோலமிடுகிறார்கள். முன்கூட்டி வரைந்துகொள்ளாமல், வளைந்த பரப்பில், கணக்குத் தவறாமல் கட்டங்களும் முக்கோணங்களும் வந்து பொருந்துவதைப் பார்த்தால் புள்ளிக்கோலம் இட்ட கைகளுக்கு அதன் அருமை தெரியும். மார்லா பெர்ன்ஸ், பார்பரா ரூபின் ஹட்சன் இருவரும் இந்தக் கலையைக் களத்தில் ஆராய்ந்து எழுதிய பெருநூல் 1986இல் லாஸ் ஏஞ்சலஸில் வெளியாயிற்று. வடிவங்களைப் பட்டியலிடுவதோடு நில்லாமல் யார் செய்கிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள், எந்தச் சடங்கில் எது புழங்குகிறது என்பதையும் அது சேர்த்தே பேசியது. ஒயோ நகரில் ஆண்கள் உளிகொண்டு செதுக்கினார்கள். பழைய தகோமி அரசின் இளைஞர்கள் குடுக்கைமேல் விலங்குகளையும் பொருள்களையும் பொறித்து, அவை சேர்ந்து ஒரு பழமொழியை உணர்த்தும்படி அமைத்துக் காதலிக்கு அனுப்பினார்கள். அது மடல், படிக்கத் தெரிந்த ஒருத்திக்காக எழுதப்பட்டது. அலமாரியில் அது 'விலங்கு உருவங்கள் கொண்ட அலங்காரக் கிண்ணம்' ஆகிவிடுகிறது.

கமரூனின் புல்வெளி அரசுகளில் கள் வைக்கும் குடுக்கைகளை முழுவதும் பாசிமணியால் போர்த்தினார்கள். பாமும், பாமிலேகே அரசர்களின் கருவூலங்களில் இருந்த அவற்றில் சுரையோட்டின் ஒரு விரல் அகலம்கூட வெளியே தெரியாது. வெனிஸிலிருந்தும் பொஹீமியாவிலிருந்தும் வணிகத்தில் வந்த கண்ணாடி மணிகள் அவை. அவ்வளவு செலவில் போர்த்தியதற்குக் காரணம் உள்ளிருக்கும் கள் அரசனுடையது என்பதே. விருந்தினருக்கும் பிரபுக்களுக்கும் அதை வார்ப்பது அரசனின் கொடை. வெளிப்புறத்தின் பகட்டு உட்புறத்தின் உரிமையைச் சொல்லியது. கள் வற்றிய பிறகு எஞ்சியிருப்பது நிறங்களின் அடுக்கு. அதுவும் அழகுதான், ஆனால் பேச்சின் பாதி போய்விட்டது.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இன்னும் நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கென்யாவின் கிக்கூயூ மக்களிடம் கிச்சாண்டி என்னும் குடுக்கை இருந்தது. விதைகள் இட்டு, கிலுகிலுப்பைபோல ஒலிக்கும் அந்தக் குடுக்கையின்மேல் சிறுசிறு குறிகள் கீறப்பட்டிருக்கும். பாடகன் அதைக் குலுக்கிக்கொண்டே பாடுவான். குறிகள் அவனுக்குப் பாடலின் பகுதிகளை நினைவூட்டும். பாட்டு விடுகதைகளால் ஆனது. எதிரில் நிற்கும் இன்னொரு பாடகன் விடை சொல்லி மறுவிடுகதை போட வேண்டும். கூகி வா தியாங்கோ 1978இல் காமிட்டிச் சிறையில் கழிப்பறைக் காகிதத்தில் கிக்கூயூ மொழியில் எழுதி, 1980இல் வெளியான நாவலின் கதைசொல்லி ஒரு கிச்சாண்டிப் பாடகன்தான். தமிழில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்ற பெயரில் அதைப் படித்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். ஆங்கிலத்தை விட்டுத் தாய்மொழிக்குத் திரும்பிய ஒரு நாவலாசிரியர், தன் கதையைச் சொல்ல ஒரு குடுக்கைக்காரனை அழைத்துக்கொண்டார் என்பது எளிதில் கடந்துபோகக்கூடிய செய்தியன்று. 2025இல் அவர் மறைந்தார். அருங்காட்சியகப் பேழைக்குள் இருக்கும் கிச்சாண்டியைக் குலுக்கக் கையும் இல்லை, எதிர்ப்பாட்டுக்கு ஆளும் இல்லை. அதன் குறிகளை 'வடிவியல் அலங்காரம்' என்று குறிப்பதைவிட, வாசிக்க ஆளற்ற நூல் என்று குறிப்பது நேர்மையாக இருக்கும்.

வெறுமையான குடுக்கைக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் பயங்கரமான ஒரு பொருளும் உண்டு. யொருபா மக்கள் உலகையே மூடிய குடுக்கையாகக் கண்டவர்கள். மேல் பாதி வானம், கீழ்ப் பாதி பூமி. அவர்களின் ஒயோ பேரரசில் அலாஃபின் எனப்படும் அரசனைத் தலைவர்கள் கூடி நிராகரிக்கலாம். நிராகரித்த செய்தியைச் சொல்ல அவனுக்கு மூடியிட்ட வெறுங்குடுக்கை ஒன்றை அனுப்புவார்கள். அதைத் திறந்து பார்த்த அரசன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ள வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட அவோலே என்ற அரசனுக்கு அப்படியொரு குடுக்கை வந்த செய்தியை, சாமுவேல் ஜான்சன் எழுதி 1921இல் வெளியான யொருபா வரலாறு பதிவு செய்திருக்கிறது. குடுக்கை என்றால் உள்ளே எதுவோ இருந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எவ்வளவு ஆழமாக ஊன்றியிருந்தால், இல்லாமை மரண ஆணையாக முடியும்! இன்று உலகெங்கும் காட்சிப்பேழைகளில் வரிசையாக வைக்கப்பட்டிருப்பவை வெறுங்குடுக்கைகள் என்பதை இந்தப் பின்னணியில் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

நம் வாதத்துக்கு எதிராகச் சொல்லத்தக்கவை மூன்று உண்டு. மூன்றும் வலுவானவை.

முதலாவது, காட்சிக்கு வைப்பது ஐரோப்பியரின் கண்டுபிடிப்பா? இல்லை. நைஜரின் மேய்ச்சல் மக்களான வொடாபே பெண்கள், மணமாகி வரும்போது தாய் கொடுத்த அலங்காரக் குடுக்கைகளைக் கட்டாகக் கட்டி மாட்டின்மேல் ஏற்றிக்கொண்டு திரிகிறார்கள். ஆண்டுக்கொருமுறை குலத்தார் கூடும்போது அவற்றைப் பிரித்து அடுக்கிக் காட்சிக்கு வைக்கிறார்கள். அவற்றில் பால் ஊற்றுவதில்லை. காட்டுவதற்கென்றே சுமந்து திரிகிறார்கள். அன்றாடப் புழக்கத்துக்கு வேறு குடுக்கைகள் உண்டு. ஆக, ஒன்றும் ஊற்றாத குடுக்கைக்கும் ஆப்பிரிக்க மரபில் இடமிருக்கிறது. இதை நாம் முழுமனத்தோடு ஏற்கிறோம். ஆனால் அந்த அடுக்கின் முன்னால் நிற்கும் எவரும் இவை யாருடையவை, யார் கொடுத்தவை, எந்தக் குடும்பத்தின் பெருமை என்பதை அறிவார்கள். ஒவ்வொரு குடுக்கைக்குள்ளும் ஒரு தாய்வீடு இருக்கிறது. பேழையில் வைத்த குடுக்கைக்கு இல்லாமல் போனது அதுதான். காட்டுவதில் நமக்கு மறுப்பில்லை; ஆளையும் பேரையும் அறுத்துவிட்டுக் காட்டுவதைத்தான் மறுக்கிறோம்.

இரண்டாவது, சேகரிப்பாளர்கள் இல்லாவிட்டால் இவை மண்ணோடு போயிருக்கும் என்பது. சுரையோடு எளிதில் உடையும், பூச்சி அரிக்கும், தீயில் வேகும். எனாமல் பாத்திரங்கள் வந்தபின் மணமகளின் சீரில் அவை இடம்பிடித்தன. பின்னால் பிளாஸ்டிக் வந்தது. தண்ணீருக்கும் பாலுக்கும் பிளாஸ்டிக் கேன் வசதியானது என்று ஒரு பெண் முடிவு செய்தால், நம் ரசனைக்காக அவள் குடுக்கையைச் சுமக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. பழைய குடுக்கைகள் சில எஞ்சியிருப்பதற்குச் சேகரிப்பாளர்களும் அருங்காட்சியகங்களும் காரணம் என்பதும் மெய்யே.

ஆனால் காப்பாற்றிய விதத்தையும் பார்க்க வேண்டும். தாவரம், தோல், இறகு முதலியவற்றால் ஆன பொருட்கள் பூச்சி அரிக்காதிருக்க, 20ஆம் நூற்றாண்டில் அருங்காட்சியகங்கள் ஆர்செனிக், டி.டி.டி. போன்ற நஞ்சுகளைப் பரவலாகப் பயன்படுத்தின. அமெரிக்காவில் 1990இல் வந்த சட்டத்தின்படி பூர்வகுடிகளுக்குத் திருப்பித் தரப்பட்ட சடங்குப் பொருட்கள் சிலவற்றில் ஆர்செனிக் இருப்பது தெரியவந்து, ஹோபி மக்கள் அவற்றைக் கையாளவே அஞ்சும் நிலை ஏற்பட்டது. ஆப்பிரிக்கப் பொருட்களைத் திருப்பித் தருவது பற்றி ஃபெல்வின் சார், பெனெடிக்ட் சவுவா இருவரும் பிரெஞ்சு அரசுக்கு 2018இல் அளித்த அறிக்கைக்குப்பின் விவாதம் சூடு பிடித்தது. 2021இல் 26 பொருட்கள் பெனின் நாட்டுக்குத் திரும்பின. அந்த விவாதத்தின் நடுவில் நிற்பவை அரியணைகளும் சிற்பங்களும் வெண்கலங்களும். குடுக்கைகளுக்கும் திரும்பும் காலம் வரட்டும். வந்தாலும், நஞ்சு ஏறிய ஒரு குடுக்கையில் மீண்டும் யாரும் பால் ஊற்ற முடியாது. அப்படியொன்றின் ஓடு காப்பாற்றப்பட்டிருக்கிறது, கலம் காப்பாற்றப்படவில்லை.

மூன்றாவது, கலை என்று அழைப்பதே ஒரு மரியாதை அல்லவா என்ற கேள்வி. ஒரு காலத்தில் இனவரைவியல் கூடங்களின் இருண்ட மூலையில் 'பழங்குடியினர் பாண்டம்' என்று கிடந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது கலை என்ற சொல்தானே என்பார்கள். 1988இல் நியூயார்க்கில் சூசன் வோகல் அமைத்த 'கலை/கைப்பொருள்' என்ற காட்சி இந்தக் கேள்வியையே தலைகீழாக்கியது. கட்டிவைத்த ஒரு சாண்டே வேட்டைவலையை வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே நவீனச் சிற்பம்போல வைத்தார் அவர். பார்த்தவர்கள் மயங்கினார்கள். வைக்கும் விதமே பொருளின் தகுதியைத் தீர்மானித்துவிடுகிறது என்பது அன்று வெளிப்பட்டது. அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் பாடம், கலை என்ற பட்டம் காட்சிக்கூடத்தால் தரப்படுவது. எனவே அதைத் தருபவர் விரும்பிய பக்கத்துக்கு மட்டும் தரப்படுவது. குடுக்கையின் வெளிப்பக்கம் அந்தப் பட்டத்தைப் பெற்றுவிட்டது. புகையூட்டியவளின் வேலைக்கு அது இன்னும் தரப்படவில்லை.

தையலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விரிசல் விட்ட குடுக்கையை ஆப்பிரிக்காவில் எளிதில் எறிந்துவிட மாட்டார்கள். விரிசலின் இருபுறமும் துளையிட்டு நாராலோ தோல்வாராலோ தைப்பார்கள். பாரீஸின் கே பிரான்லி அருங்காட்சியகம் 2007இல் 'காயப்பட்ட பொருட்கள்' என்ற தலைப்பில் ஆப்பிரிக்கப் பழுதுபார்ப்பு வேலைகளுக்கென்றே ஒரு காட்சி நடத்தியது. பாராட்டத்தக்க முயற்சி. அந்தத் தையல்கள் அவ்வளவு அழகானவை. ஆனால் சந்தை எதையும் விட்டுவைப்பதில்லை. தையலுள்ள குடுக்கைக்கு 'உண்மையாகப் புழங்கியது' என்ற சான்றிதழாக அந்தத் தையலே பயன்படுகிறது. அதனால் விலை ஏறுகிறது. விலை ஏறுவதால் புதிய குடுக்கைக்குப் புகையேற்றி, எண்ணெய் தடவி, பழையதாக்கி விற்பவர்களும் இருக்கிறார்கள். பாலுக்காக உள்ளே ஊட்டிய புகை, வாங்குபவரின் கண்ணுக்காக வெளியே ஊட்டப்படுகிறது. தைத்தவள் விரிசலை அடைத்தது நாளைக்கும் இதில் பால் நிற்க வேண்டும் என்பதற்காக. அந்த நோக்கத்தை மறந்துவிட்டுத் தையலை மட்டும் வியப்பது, கடிதத்தைப் படிக்காமல் கையெழுத்தைப் புகழ்வது போன்றது.

இதனால் யாரும் குடுக்கை வாங்கவே கூடாது என்ற முடிவுக்கு நாம் வரவில்லை. கென்யாவிலும் நைஜீரியாவிலும் வேறு நாடுகளிலும் அலங்காரத்துக்கென்றே குடுக்கை செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அது அவர்களின் பிழைப்பு. அந்தப் புதிய குடுக்கை தன்னைப் பழைய பால்கலமாகக் காட்டிக்கொள்ளாதவரை அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. உண்மையில், செய்தவரின் பெயரோடு விற்கப்படும் புதிய குடுக்கை, பெயரழிந்த பழைய குடுக்கையைவிட மரபுக்கு நெருக்கமானது என்போம். வொடாபே தாய் மகளுக்குக் கொடுத்ததிலும் தகோமி இளைஞன் காதலிக்கு அனுப்பியதிலும் இன்னார் இன்னாருக்கு என்பது இருந்தது. பெயரை விசாரித்து வாங்குவது அந்த வழக்கத்தின் தொடர்ச்சி.

உட்புறத்திலிருந்து தொடங்கும் காப்புமுறைக்கும் முன்மாதிரி இல்லாமலில்லை. போகோட் மக்களின் சாம்பல் பாலை ஸ்லோ ஃபுட் இயக்கம் தான் பாதுகாக்கும் உணவுகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அங்கே காக்கப்படுவது உணவு. அந்த உணவு நிலைக்க மாடு வேண்டும், க்ரோம்வோ மரம் வேண்டும், சாம்பலின் பக்குவம் தெரிந்த பெண் வேண்டும், குடுக்கையும் வேண்டும். உணவைக் காத்தால் கலமும் கூடவே பிழைத்துக்கொள்கிறது. கலத்தை மட்டும் காத்தால் மற்றவை பிழைப்பதில்லை. 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று நம்மவர்கள் சொல்லிவைத்தது புத்தக அறிவைக் குறித்து. பேழைச் சுரைக்காய்க்கும் அது பொருந்தும்.

இவ்வளவு தொலைவில் இருக்கும் பொருளுக்காகத் தமிழில் ஏன் இத்தனை பேச்சு என்று கேட்கலாம். நாமும் பார்வையாளர்கள்தாம். அருங்காட்சியகங்களின் இணையப் பட்டியல்கள் வந்தபின், வீட்டில் உட்கார்ந்தபடியே ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கக் குடுக்கைகளின் படங்களைப் பார்க்கும் வாய்ப்பு எவருக்கும் கிடைத்திருக்கிறது. ஆப்பிரிக்க நாவல்களை நாம் மொழிபெயர்ப்பில் படித்து வருகிறோம். அச்சிபியையும் கூகியையும் படித்தவர்கள், கதையை எடுத்துவிட்டு அட்டைப்படத்தை மட்டும் சுவரில் மாட்டுவதை ஏற்க மாட்டார்கள். குடுக்கைக்கும் அதே நியாயத்தை வழங்கலாம் என்பதே நம் வேண்டுகோள்.

அதற்குப் பெரிய ஏற்பாடுகள் தேவையில்லை. மட்பாண்டத்தின் துளைகளில் ஊறிப்போன கொழுப்பை ஆராய்ந்து, அதில் பால் இருந்ததா இறைச்சி இருந்ததா என்று தொல்லியலாளர்கள் சொல்கிறார்கள். ஆயிரமாயிரம் ஆண்டுப் பழமையான ஓட்டுச் சில்லுக்குக் கேட்கும் கேள்வியை, நூறாண்டுக் குடுக்கைக்கும் கேட்கலாம். அதைப் புழங்கிய சமூகங்களில் பல இன்றும் வாழ்கின்றன; எந்த மரத்தின் கரி என்று சொல்லக்கூடிய பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். அருங்காட்சியகம் ஒன்று தன் விவரச்சீட்டில் உயரத்தையும் அகலத்தையும் எழுதிய பிறகு இன்னும் மூன்று வரிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும். உள்ளே இருந்தது என்ன, எதனால் பக்குவப்படுத்தப்பட்டது, யார் கையில் இருந்தது. கடைசி வரிக்கு விடை கிடைக்காவிட்டால் அதை வெற்றாகவே விட்டுவைக்கலாம். கேட்கவேண்டிய கேள்வி ஒன்று அங்கே கிடக்கிறது என்பதாவது பார்ப்பவருக்குத் தெரியட்டும்.